ஏரி ஏன் உடைந்தது

வடகோடிச் சுரங்க ஊரான கிவேலாவில் நாற்பது வயதுக்கு உட்பட்ட யாரைக் கேட்டாலும், அம்மாவின் கையை விட்டுவிட்டு முதன்முதலில் தனியாக உட்கார்ந்த இடம் மார்லிஸ் நியெமியின் வகுப்புதான் என்பார்கள். லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில், சுடுதண்ணீர்க் குழாய்கள் ஓடும் கூரைக்குக் கீழே அந்த வகுப்பு இருந்தது. மேலே ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும். கீழே மற்ற நாட்களில் மூன்று வயதும் நான்கு வயதும் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கும்.

மார்லிஸ் ஆசிரியையாக வேண்டும் என்று பிறந்தவளல்ல. இரும்புச் சுரங்கத்தின் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். எண்பதுகளில் சுரங்கம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது அவளும் போனாள். அந்தக் குளிர்காலத்தில் ஊரில் ஆண்கள் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்கள், பெண்கள் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டல்களுக்கும் வேலைக்குப் போனார்கள். குழந்தைகளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. போதகர் அடித்தளத்தைத் திறந்துவிட்டார். “கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கம்மா” என்றார். அந்தக் கொஞ்ச நாள்தான் அவள் ஆயுளில் பாதியைத் தின்றுவிட்டது. இடையில் வார இறுதிகளில் பனியில் வண்டி ஓட்டிப் பக்கத்து நகரத்துக் கல்லூரிக்குப் போய் முறையாகப் படித்துச் சான்றிதழும் வாங்கினாள்.

எழுத்துகளை வரிசையாக எழுத வைக்கும் தாள்களை அவள் வகுப்புக்குள் விடமாட்டாள். இதற்காக வருடத்துக்கு ஒரு பெற்றோராவது சண்டைக்கு வருவார்கள். ஒருமுறை சுரங்கத்து மேஸ்திரி ஒருவர் கூட்டத்தில் எழுந்தார்.

“என் பையன் எப்ப எழுதப் படிக்கக் கத்துக்குவான்?”

“அது பெரிய பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுப்பாங்க.”

“அப்ப நீங்க எதுக்கு?”

“நாளைக்கும் இங்க வரணும்னு அவன் உங்க உயிரை எடுக்கணும். அதுக்குத்தான் நான்.”

மேஸ்திரி உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகூட அந்தப் பையன் காலணியை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான் என்று அவர் மனைவி முந்தின வாரம்தான் புலம்பியிருந்தாள்.

குழந்தை ஏதாவது கேட்டால் மார்லிஸ் உடனே பதில் சொல்லமாட்டாள். முட்டி போட்டு அதன் உயரத்துக்கு இறங்குவாள். “அப்படியா? உனக்கு என்ன தோணுது?” என்பாள். பிறகு காத்திருப்பாள். அவ்வளவு நேரம் காத்திருக்க வேறு யாராலும் முடியாது. மதுக்கடையில் ஆண்கள் இதை வைத்து ஒருவரையொருவர் கலாய்ப்பதுண்டு. அவள் கணவன் டேரல்தான் இந்தக் கேலியில் முதல் ஆள். சாப்பாட்டு மேஜையில் அவள் உப்பு எங்கே என்று கேட்டால், நாற்காலியை விட்டு இறங்கி முட்டி போட்டு, “அப்படியா? உனக்கு என்ன தோணுது?” என்பான். சுரங்கத்தில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாயாடி. கையில் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டே இருப்பான்.

அந்த வருடம் ஏரி சீக்கிரமே உறைந்தது. உறைந்த கையோடு பெரும்பனி கொட்டியது. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, உறைந்த ஏரியின் மேல் மீன்பிடிக் குடிலை எங்கே நிறுத்தலாம் என்று பார்க்க டேரல் பனிவண்டியை எடுத்தான். “ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன். சூப்பை ஆற விட்டுடாதே” என்றான்.

தன்னார்வத் தீயணைப்புப் படையினர் பிற்பகலில் அவனை ஏரிக்குள்ளிருந்து வெளியே எடுத்தார்கள்.

அடக்கத்தன்று காபிப் பாத்திரத்தில் காபி தீர்ந்துவிடாமல் மார்லிஸே பார்த்துக்கொண்டாள். ஹாம் சாண்ட்விச் தட்டுகளை நிரப்பினாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டினாள். அவள் மனத்திடத்தைச் சிலர் மெச்சினார்கள். கல்நெஞ்சக்காரி என்றும் சிலர் சொல்லியிருப்பார்கள், ஊர் வாயை மூட உலைமூடி ஏது. உண்மை என்னவென்றால் அவளுக்கு எதுவும் வரவில்லை. கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கி எழுந்தால், அந்தக் கை நம்முடையது மாதிரியே இருக்காது அல்லவா? தூக்கிப் பார்த்தால் கனமாகத் தொங்கும். அவளுக்கு உடம்பும் மனசும் முழுக்க அப்படி மரத்துப்போயிருந்தது. வீட்டில் அண்டை அயலார் கொண்டுவந்த உருளைக்கிழங்கும் கறியும் போட்டுச் சுட்ட தட்டுகள் குளிர்பெட்டியில் இடமில்லாமல் நிறைந்தன. பசி எடுத்ததா இல்லையா என்று தெரியாமல் சாப்பாட்டு நேரங்களில் சாப்பிட்டாள்.

புத்தாண்டுக்குப் பிறகு வா போதும் என்று பள்ளியின் பொறுப்பாளர் லொரெய்ன் சொன்னாள். அடக்கம் முடிந்த அடுத்த திங்கட்கிழமையே மார்லிஸ் வந்துவிட்டாள்.

வந்து எல்லாவற்றையும் செய்தாள். குழந்தைகளின் பனிக் கால்சட்டைகளைக் கழற்றினாள், கையுறைகளை ஹீட்டர் மேல் காய வைத்தாள், கட்டைகளால் கட்டிய கோபுரத்தைப் பார்த்துக் கண்களை விரித்தாள். “அப்படியா?” என்றாள். குரல் சரியான இடத்தில் ஏறியது, சரியான இடத்தில் இறங்கியது. வருடக்கணக்கில் பழகிய கைகளும் முகமும் தாமாகவே வேலை பார்த்தன. உள்ளே யாரும் இல்லாத வீட்டில் விளக்குகள் எரிவது போல. உதவி ஆசிரியை டானா, “உங்களை மாதிரி என்னால முடியாது மிஸ், நான்னா படுக்கையை விட்டே எழுந்திருக்கமாட்டேன்” என்றாள். டானாவும் ஒரு காலத்தில் அந்த வகுப்பில் மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தவள்தான். அவளே கண்டுபிடிக்கவில்லை என்றால் குழந்தைகள் எங்கே கண்டுபிடிப்பார்கள்? இப்படியே கடைசிவரை ஓட்டிவிடலாம் போலிருக்கிறதே என்று மார்லிஸ் நினைத்தாள். இது பயப்பட வேண்டிய விஷயம் என்று தோன்றியது. பயம் வரவில்லை.

ஜனவரியில் ஒருநாள் பிஸ்கட்டும் ஆப்பிளும் தின்கிற நேரம். ஸ்வேயா என்று ஒரு நாலு வயதுக்காரி இருந்தாள். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பாள், கட்டை, புத்தகம், மற்ற குழந்தைகளின் தலை எதையும் விடமாட்டாள். குரல் ரம்பம் மாதிரி. ஆப்பிள் துண்டை முகர்ந்துவிட்டு வைத்தாள்.

“மிஸ், உங்க டேரலை எங்க அப்பாதான் ஏரியிலேருந்து இழுத்தாரு.”

டானாவின் கையில் பால் குவளை நின்றுவிட்டது.

“ஸ்வேயா, ஆப்பிளைச் சாப்பிடும்மா” என்றாள் டானா.

“அப்பா அம்மாகிட்ட சொன்னாரு. பனி விழுந்ததாலதான் ஐஸ் கெட்டுப்போச்சாம்.” அவள் டானாவைப் பார்க்கவே இல்லை. “பனி ஜில்லுனுதானே இருக்கு மிஸ்? அப்புறம் ஐஸ் எப்படிக் கெட்டுப்போகும்?”

“பால் கெட்டுப்போற மாதிரியா?” என்றான் பக்கத்தில் இருந்த ஆர்லோ.

“சரி சரி, எல்லாரும் எழுந்திருங்க, பாட்டு பாடலாம்” என்று டானா கை தட்டினாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. மார்லிஸின் முட்டிகள் தாமாக மடிந்தன. “அப்படியா? உங்களுக்கு என்ன தோணுது?” என்று அவள் குரல் கேட்பது அவளுக்கே கேட்டது.

பனி குண்டாக இருந்திருக்கும், அதனால் ஐஸ் தாங்கவில்லை என்றது ஒன்று. அடியிலிருந்து கூர்ப்பல் கொண்ட பைக் மீன் கடித்திருக்கும் என்றது இன்னொன்று. மூஸ் மான் குதித்திருக்கும். ஐஸுக்குக் கிச்சுக்கிச்சு ஆகியிருக்கும். இதற்கு எல்லோரும் சிரித்தார்கள். டானா சிரிக்கவில்லை. மார்லிஸ் ஒவ்வொன்றையும் கேட்டு, “சரி, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?” என்றாள்.

“பனியைப் போட்டுப் பார்க்கலாம்” என்றாள் ஸ்வேயா.

கேக் சுடுகிற இரண்டு தட்டுகளில் தண்ணீர் ஊற்றி மறுநாள் காலையிலேயே வெளியே வைத்தார்கள். மேலே மெல்லிய ஏடு கட்டியதும், ஒன்றைத் திறந்த வெளியில் விட்டார்கள். இன்னொன்றைப் பனிக்குவியலில் பள்ளம் தோண்டி வைத்து, மேலேயும் பனியை மெதுவாக அள்ளி மூடினார்கள். தூங்கும் நேரத்துக்குப் படுத்த ஒருவரும் கண்ணை மூடவில்லை. ஆர்லோ போர்வைக்குள்ளிருந்து, “இப்ப ஆயிருக்குமா? இப்ப?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

பிற்பகலில் எடுத்து வந்தார்கள். திறந்து கிடந்த தட்டைக் கவிழ்த்தார்கள். கல் மாதிரி கட்டி விழுந்தது. தரையில் ஓங்கி வைத்தும் உடையவில்லை. அடுத்ததன் மேலிருந்த பனியைத் துடைத்தார்கள். ஆர்லோ விரலால் அழுத்தினான். விரல் சரக்கென்று உள்ளே போய், தண்ணீர் மேலே வந்தது.

ஸ்வேயா குனிந்து அந்த ஓட்டையை முகர்ந்தாள். தண்ணீரில் விரலை விட்டாள். மூடிய பனியைத் தொட்டாள். அவள் முகத்தில் என்னவோ நடந்தது. மார்லிஸ் அந்த முகத்தை எத்தனையோ குழந்தைகளிடம் பார்த்திருக்கிறாள், அதற்காகத்தான் இந்தக் குழாய்களுக்குக் கீழே காலம் தள்ளினாள். பார்க்கும்போதெல்லாம் அவள் நெஞ்சுக்குள் ஒரு மீன் துள்ளும். இப்போதும் பார்த்தாள். மீன் துள்ளவில்லை.

“போர்வை மாதிரி” என்றாள் ஸ்வேயா. “பனி போர்வை மாதிரி மிஸ். அடியில தண்ணிக்குக் குளிரவே இல்ல. அதான் ஐஸ் வளரல.”

“அப்ப டேரல் போர்வை மேல வண்டி ஓட்டிட்டாரு” என்றான் ஆர்லோ.

“ஆமா” என்றாள் மார்லிஸ்.

டானா கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மார்லிஸ் மேஜையைத் துடைத்தாள். ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவள் அவள், பனி மூடிய ஏரியை நம்பாதே என்பது அவளுக்குத் தெரியாத சங்கதியல்ல. ஆனால் டேரல் போனதையும் இதையும் சேர்த்து அவள் இதுவரை நினைத்துப் பார்க்கவில்லை. ஏன், எப்படி என்ற கேள்வியே அவளுக்கு எழவில்லை. கேள்வி எழ உள்ளே யாராவது இருக்க வேண்டும்.

மறுநாள் லொரெய்ன் அவளை மாடி அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். லொரெய்ன் காபியை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தன் மோதிரத்தைத் திருகினாள்.

“ரெண்டு அம்மாக்கள் போன் பண்ணினாங்கடி. ராத்திரி பிள்ளைங்க குளிக்கிற தொட்டியில பொம்மையை முக்கி டேரல் விளையாட்டு விளையாடுதுங்களாம்.”

“ம்.”

“ஜனவரின்னா நாம பஞ்சுல பனிமனுஷன் ஒட்டுவோம். அதையே ஒட்டிடேன். என்ன குறைஞ்சுடும்?”

“ஸ்வேயா கேட்டா.”

“நாலு வயசு. நாளைக்கு நிலாவைப் பிடிச்சுக் குடுன்னு கேட்கும்.” லொரெய்ன் முன்னால் சாய்ந்தாள். “நான் அதுங்களுக்காக மட்டும் சொல்லல. உனக்காகவும்தான். உனக்கு வலிக்கலையா?”

“இல்ல.”

இந்தப் பதிலுக்கு லொரெய்ன் தயாராக இல்லை. வலிக்கிறது என்றிருந்தால் அணைத்துக்கொண்டிருப்பாள், விடுப்பு கொடுத்திருப்பாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“அதுங்களுக்குத் தெரிஞ்சுக்கணும்னு இருக்கு லொரெய்ன்” என்றாள் மார்லிஸ். “படுத்தா தூக்கம் வரல அதுங்களுக்கு. அந்த ஆசைக்காகத்தான் இத்தனை வருஷம் இங்க உட்கார்ந்திருந்தேன். அது எனக்குத் தோதான விஷயத்துல வரல. அதுக்கு என்ன பண்றது? வேற ஏதாவது ஆசைப்படுன்னு சொல்றதா?”

“நீ பேசறது சரிதான். பேசற விதம்தான் எனக்கு என்னவோ போல இருக்கு. பால் கணக்கு சொல்ற மாதிரி சொல்றே.”

மார்லிஸ் காபியைக் குடித்து முடித்துக் குவளையைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

அன்று சாயங்காலம் ஸ்வேயாவை அழைத்துப்போக வழக்கமாக வரும் அம்மா வரவில்லை. அப்பா ட்ராய் வந்தான். ஆறடிக்கு மேல் உயரம், சுரங்கத்தில் பெரிய லாரி ஓட்டுகிறவன், தீயணைப்புப் படையிலும் இருக்கிறவன். அவனும் இங்கே படித்தவன்தான். அந்த வயதில் பக்கத்தில் உட்கார்ந்த எல்லோரையும் கடித்து வைத்தவன். எல்லாக் குழந்தைகளும் போகும்வரை சுவரோரம் நின்று தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான். ஸ்வேயா உள்ளே கட்டைகளோடு இருந்தாள்.

“மிஸ்... வீட்டுல பேசினது அவ காதுல விழுந்துடுச்சு. தூங்கிட்டான்னு நினைச்சோம். தப்பா எடுத்துக்காதீங்க.”

“உட்காரு ட்ராய்.”

உட்கார அங்கே குழந்தைகள் நாற்காலிகள்தான் இருந்தன. அவன் ஒன்றில் உட்கார்ந்தான். முட்டிகள் காதுவரை வந்தன.

“நீதானே அங்க இருந்தே. என்ன பார்த்தே, சொல்லு.”

“அதெல்லாம் எதுக்கு மிஸ் இப்ப?”

“நான் யாரையும் கேட்கவே இல்ல. இந்தப் பிள்ளைங்க கேட்டதுக்கு அப்புறம்தான் நான் கேட்கலேன்னே தெரிஞ்சுது. சொல்லு.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “ஓடை வந்து சேர்ற இடத்துக்குப் பக்கத்துல மிஸ். முட்டி வரைக்கும் பனி. அடியில ஐஸ் உள்ளங்கை அகலம்கூட இல்ல. வண்டித் தடம் நேரா போயிருக்கு. திருப்பப் பார்த்த மாதிரியே இல்ல. தெரிஞ்சிருக்காது அவருக்கு.” தொப்பியை இன்னும் கசக்கினான். “தெரிஞ்சிருக்க நேரமே இருந்திருக்காது.”

“மூஞ்சி?”

“தூங்கற மாதிரி இருந்தாருன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அப்படி இல்ல மிஸ். உங்ககிட்ட பொய் சொல்ல வரல எனக்கு. எரிச்சலா இருந்தாரு. வண்டி ஸ்டார்ட் ஆகலேன்னா முறைப்பாரே, அந்த மாதிரி.”

“ம்” என்றாள் மார்லிஸ். “தெரியும் அந்த மூஞ்சி.”

ட்ராய் கண்களைத் தொப்பியால் துடைத்துக்கொண்டான். அவள் எழுந்துபோய்க் காகிதத் துணியை எடுத்து வந்து அவனிடம் கொடுத்தாள், மூக்கு ஒழுகும் எந்தக் குழந்தைக்கும் கொடுப்பது போல.

“உன்கிட்ட ஐஸ்ல ஓட்டை போடுற துரப்பணம் இருக்குதானே?”

“இருக்கு. எதுக்கு?”

“தட்டுல பார்த்தது ஏரியிலயும் அப்படித்தானான்னு உன் பொண்ணு கேட்கறா. இப்ப ஏரி லாரி போற அளவுக்கு உறைஞ்சிருக்கும். கரையோரமா கூட்டிட்டுப் போகலாம்னு பார்க்கறேன்.”

ட்ராய் அவளை நிமிர்ந்து பார்த்தான். “நீங்களுமா மிஸ் வரப் போறீங்க?”

“பின்ன, உன்னை நம்பியா அனுப்புவேன்? நீ கடிப்பே.”

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டாள்.

லொரெய்ன் சம்மதிக்க ஒரு வாரம் ஆனது. ட்ராய் முந்தின நாளே போய்ப் பல இடங்களில் துளை போட்டுப் பார்த்துவிட்டு வந்து, யானையே நிற்கும் என்று அவளிடம் சத்தியம் செய்தான். இரண்டு வீடுகளில் குழந்தைகளை அனுப்பவில்லை. வந்தவர்களை டானா ஒரு நீளக் கயிற்றைப் பிடிக்க வைத்து நடத்திக் கூட்டிவந்தாள். உடுப்புகளின் கனத்தில் ஒவ்வொன்றும் உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி ஆடி ஆடி நடந்தது. கரை முடிந்து ஏரி தொடங்கும் இடத்தில் டானா நின்றாள். மார்லிஸைப் பார்த்தாள்.

மார்லிஸ் கால் வைத்தாள். ஏதாவது வரும் என்று எதிர்பார்த்துத்தான் வைத்தாள். நெஞ்சை அடைக்கும், முட்டி விட்டுப்போகும், குறைந்தபட்சம் அழுகையாவது வரும் என்று. ஒன்றும் வரவில்லை. காலுக்கடியில் கெட்டியாக இருந்தது. அவ்வளவுதான். தூரத்தில், ஓடை சேரும் பக்கம், ஆரஞ்சு நிற எச்சரிக்கைக் கம்பங்கள் நடப்பட்டிருந்தன. அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டுக் குழந்தைகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மீனவர்கள் வண்டி போக்குவரத்துக்காகப் பனியை ஒதுக்கிய பாதையில் ட்ராய் முதல் துளையைப் போட்டான். துரப்பணம் இறங்க இறங்க வெள்ளைத் தூள் குவிந்தது. இன்னும் இறங்கியது. திடீரென்று தண்ணீர் குபுக்கென்று மேலே வந்ததும் குழந்தைகள் கூவிக்கொண்டு பின்னால் விழுந்தார்கள். பிறகு பனி மூடிக் கிடந்த இடத்தில் இன்னொரு துளை. ஸ்வேயா நுனியில் கொக்கி போட்ட குச்சியை இரண்டிலும் விட்டு, ஐஸின் அடி எங்கே தட்டுகிறது என்று பார்த்து, அந்த இடத்தைக் கட்டை விரலால் பிடித்துக்கொண்டு தன் உடம்போடு அளந்தாள். பாதையில் போட்ட துளை அவள் இடுப்புக்கு மேலே வந்தது. பனிக்கு அடியில் போட்டது முட்டிக்குக் கொஞ்சம் மேலே. ஆர்லோ நம்பாமல் தன் உடம்பிலும் அளந்து பார்த்தான். மற்றவர்களும் அளந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இடத்தில் வந்தது. யார் அளவு சரி என்று அங்கேயே பெரிய சண்டை மூண்டது. டானா மண்டியிட்டு அதில் கலந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

ஸ்வேயா குச்சியோடு மார்லிஸிடம் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

“மிஸ், பனி போர்வைன்னு டேரலுக்குத் தெரியுமா?”

“தெரியும். சின்னப் பையனா இருக்கறப்பலேருந்தே தெரியும்.”

“அப்புறம் ஏன் போனாரு?”

மார்லிஸ் முட்டி போட்டாள். குழந்தையின் முகம் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. உனக்கு என்ன தோணுது என்ற வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன, பழக்கம் கொண்டுவந்து நிறுத்தியது. அவள் அவற்றைச் சொல்லவில்லை.

“எனக்குத் தெரியல” என்றாள்.

“யாருக்குமே தெரியாதா?”

“யாருக்கும் தெரியாது.”

ஸ்வேயா அதை யோசித்தாள். தலையை ஆட்டினாள், கடையில் சாக்லேட் தீர்ந்துபோச்சு என்றால் குழந்தைகள் தலையாட்டுமே, அப்படி. பிறகு ஓடிப்போய்த் துளையருகே குப்புறப் படுத்து உள்ளே முகர்ந்து பார்க்கத் தொடங்கினாள். ட்ராய் அவள் கால்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டான். மார்லிஸ் எழுந்து முட்டியிலிருந்த பனியைத் தட்டிவிட்டாள்.

அதன்பிறகு ஒரு குடும்பம் தன் பிள்ளையை நிறுத்திவிட்டு வேறு இடத்தில் சேர்த்தது. ஏரிக்கு இனிமேல் யாரும் போகக் கூடாது என்று லொரெய்ன் விதி போட்டாள். மார்லிஸ் அதை எதிர்த்துப் பேசவில்லை. பிப்ரவரியில் குழந்தைகள் ஐஸை மறந்து, நிழல் எங்கே தூங்குகிறது என்ற விவகாரத்தில் இறங்கிவிட்டார்கள். அதை நடத்தியது டானா. அவள் இப்போது பாட்டு பாடலாம் என்று கை தட்டுவதைக் குறைத்திருந்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்து, திறந்த வாயை மூடிக்கொண்டு காத்திருக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்கு வியர்த்துக்கொட்டுவதை மார்லிஸ் கவனித்தாள். மே மாதம் ஐஸ் போனது. டேரலின் தம்பி வந்து படகை எடுத்துப் போனான், குடிலை விற்றுக் கொடுத்தான். மார்லிஸ் அவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். தூங்கினாள், எழுந்தாள். ஜூனில் வகுப்பு முடிந்த அன்று பெற்றோர் எல்லோரும் அழுதார்கள், அது வருடா வருடம் நடப்பது. அவளும் வருடா வருடம் அழுவாள். இந்த வருடம் தட்டுகளை அடுக்கினாள்.

ஆகஸ்டு கடைசியில் மளிகைக் கடையில் ட்ராயையும் ஸ்வேயாவையும் பார்த்தாள். குழந்தை கோடையில் நன்றாக வளர்ந்துவிட்டிருந்தது. அடுத்த வாரம் பெரிய பள்ளிக்கூடம். கையில் மூடியில் ஓட்டை போட்ட ஒரு கண்ணாடிப் புட்டி.

“மிஸ், இது அட்டை. ரத்தம் குடிக்கும். என் காலுலேயே குடிச்சுது. அதுக்கு ரெண்டு பக்கமும் வாய் மாதிரி இருக்கு, எதுல கடிக்குதுன்னு தெரியல. முகர்ந்து பாக்கறீங்களா?”

மார்லிஸ் முகர்ந்தாள். சேற்று வாசனை.

“ஏரியிலயா பிடிச்சே? நாம ஓட்டை போட்டோமே, அங்கயா?”

ஸ்வேயா புருவத்தைச் சுருக்கினாள். “எப்ப?”

“குளிர்காலத்துல. அப்பா துரப்பணம் கொண்டுவந்தாரே. நீ குச்சியால அளந்தியே.”

குழந்தை மரியாதைக்காகக் கொஞ்சம் யோசித்தது. “ஞாபகம் இல்ல” என்றது. பிறகு புட்டியை உயர்த்தி, “பாருங்க, பாருங்க, நீளமாகுது” என்றது.

ட்ராய் தர்மசங்கடமாக நெளிந்தான். “சின்னதுங்க மிஸ். வீட்டுல அது பத்திப் பேசறதில்ல நாங்க...”

“அதனால என்ன” என்றாள் மார்லிஸ். ஸ்வேயாவிடம், “பெரிய பள்ளிக்கூடத்துக்கு இதையும் எடுத்துட்டுப் போ. அந்த மிஸ்ஸுக்குக் காட்டு” என்றாள்.

“அவங்க கத்துவாங்களா?”

“கத்தினா இன்னும் பக்கத்துல காட்டு.”

ஸ்வேயாவின் சிரிப்பு பணம் கட்டும் இடம் வரைக்கும் ரம்பம் இழுத்துக்கொண்டு போனது.

மார்லிஸ் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள், திருப்பவில்லை. அந்தக் குழந்தைக்கு ஞாபகம் இல்லை. டேரல் போனது, போர்வை, இடுப்பு உயரம் ஐஸ், ஒன்றும் இல்லை. நாலு வயதில் எதுதான் நிற்கும், அவளுக்குத் தெரியாததா? கண்டுபிடித்தது மறந்துபோகும், கண்டுபிடிக்கும் ஆசை நிற்கும் என்று பெற்றோருக்கு வருடம் தவறாமல் சொல்பவள் அவள். புட்டிக்குள் அட்டையோடு அந்த ஆசை நல்ல ஆரோக்கியமாகத்தான் இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

ஆனாலும் எங்கேயோ சுருக்கென்றது. நீயாவது ஞாபகம் வைத்திருக்கலாமே என்று. ஐந்து வயதுக் குழந்தையிடம் கோபித்துக்கொள்கிறோமே, வெட்கக்கேடு என்று நினைத்தாள். நினைத்த பிறகும் அது போகவில்லை. தொண்டைக்குக் கீழே ஒரு முள் மாதிரி நின்றது. மூச்சு இழுக்கும்போது குத்தியது. அவள் அசையாமல் உட்கார்ந்து இன்னொரு முறை மூச்சை இழுத்துப் பார்த்தாள். குத்தியது. ஆளில்லாத கார் என்று நினைத்து ஒரு பெண் கடைத் தள்ளுவண்டியை அவள் கதவுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனாள். மார்லிஸ் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, அந்தக் குத்தல் போய்விடக் கூடாது என்பது போல, மெதுவாக, ஆழமாக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தாள்.